யாரும் விழாத இல்லம்

என் அக்காவுக்கு முதியோர் இல்லங்களைச் சோதனை போடுகிற வேலை. அரசாங்க வேலைதான். அவள் வருகிறாள் என்று தெரிந்தால் இல்லம் நடத்துகிறவர்கள் ஓடிப்போய்க் குளியலறைக் கைப்பிடியை ஆட்டிப் பார்ப்பார்கள். மற்ற இன்ஸ்பெக்டர்கள் குளியலறைச் சுவரில் கைப்பிடி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இருக்கிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்கள். அக்கா கைப்பையைக் கழற்றி வைப்பாள், செருப்பை உதறுவாள், இரண்டு கையாலும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு முழங்காலை மடக்கித் தன் மொத்த எடையையும் அதில் போட்டுத் தொங்குவாள். அவள் ஒன்றும் கொடியிடைக்காரி இல்லை. சுவரின் பூச்சே பெயர்ந்து விழுந்த இடங்கள் உண்டு. அந்த வட்டாரத்தில் அவளுக்குத் 'தொங்குற மேடம்' என்று பேர். அது அவள் காதுக்கும் வந்திருந்தது.

"தொங்காம எப்படிடி தெரியும், தாங்குமா தாங்காதான்னு?" என்பாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவர், யாரோ இருக்கிறது என்று குறித்துவிட்டுப் போன கைப்பிடியை நம்பிப் பிடித்தார். அது கையோடு வந்துவிட்டது. இடுப்பு உடைந்து படுத்தவர் எழுந்திருக்கவே இல்லை. அவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அன்று அக்கா சாப்பிடவில்லை. அதிலிருந்து அவளுக்கு யாரும் விழக்கூடாது என்பது ஒரு வெறியாகவே ஆகிவிட்டது. தீயணைப்பு உருளையின் தேதியைப் பார்ப்பாள், மருந்து அலமாரியின் பூட்டை இழுத்துப் பார்ப்பாள், வெந்நீர்க் குழாயில் முழங்கையை நீட்டிச் சூடு பார்ப்பாள். கட்டிலோரத்து மணியை அமுக்கிவிட்டு, ஆள் எப்போது வருகிறான் என்று வாசலையே பார்த்துக்கொண்டு நிற்பாள். எல்லாவற்றையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாலும் கடைசியில் கேட்கிற கேள்வி ஒன்றுதான். போன சோதனைக்குப் பிறகு இங்கே எத்தனை பேர் விழுந்தார்கள்? அதை வைத்துத்தான் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று சீட்டு. அந்தச் சீட்டை இல்லத்தின் வாசலில் ஒட்டி வைக்க வேண்டும். வீட்டுப் பெரியவர்களைச் சேர்க்க வருகிறவர்கள் முதலில் பார்ப்பது அதைத்தான்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. சோதனைக்குப் போன இடத்தில் பச்சைத்தண்ணீர் குடிக்க மாட்டாள், உட்காரவும் மாட்டாள். அந்த அலுவலகத்தில் ஒழுங்காக வேலை பார்க்கிற எல்லோருக்கும் அதுதான் வழக்கமாம். "உக்காந்தா டீ வரும். டீ வந்தா பிஸ்கட் வரும். பிஸ்கட் வந்துருச்சுன்னா அப்புறம் கண்ணு சரியாத் தெரியாது" என்று புதிதாக வருகிற இன்ஸ்பெக்டர்களுக்கும் சொல்லிக்கொடுப்பாள். இத்தனை வருஷத்தில் எந்த இல்லத்தின் நாற்காலியிலும் அவள் உட்கார்ந்ததில்லை. பொழுதெல்லாம் நின்றுவிட்டு வீட்டுக்கு வந்து காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு முனகுவாள். நான் தையற்கடை வைத்திருப்பவள், பகல் முழுக்க உட்கார்ந்தே இருப்பவள். "கவர்மென்ட்ல சம்பளம் உனக்கா உன் காலுக்கா?" என்று கேட்பேன்.

அத்தான் அதற்கு மேல். அவர் மின்சார அலுவலகத்தில் மீட்டர் ரீடராக இருந்தவர். வேலையே நடைதான். தெருத்தெருவாகப் போய், ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டியையும் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டு, நாய்க்கும் வீட்டுக்காரருக்கும் பதில் சொல்லிவிட்டு அடுத்த வீடு. எங்கள் பக்கத்தில் அவரைப் பேர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை, மீட்டர்காரர் என்றுதான் சொல்வார்கள். ஓய்வுபெற்ற கொஞ்ச நாளில் மறதி வந்தது. முதலில் சாவியை மறந்தார், பிறகு சாப்பிட்டதை மறந்தார், பிறகு மகனின் குரலைப் போனில் கேட்டுவிட்டு யாரோ ராங் நம்பர் என்று வைத்தார். ஆனால் காலுக்கு மறதி வரவில்லை. காலையில் சட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஒவ்வொரு வீட்டு மீட்டர் பெட்டி முன்னாலும் நின்று, கண்ணைச் சுருக்கி எண்ணைப் படித்து, உள்ளங்கையில் விரலால் எழுதிக்கொண்டு நகர்வார்.

அக்கம்பக்கத்தில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். "என்ன மீட்டர்காரரே, இந்தத் தடவையாவது பில்லு குறையுமா?" என்று கேட்பார்கள். "ராத்திரி பகலா ஏசி ஓடுது, எப்படிக் குறையும்?" என்று டாண் என்று பதில் வரும். வீட்டுக்குள் உட்கார வைத்தால் அதே மனிதர், பெண்டாட்டியைப் பார்த்து, "வீட்டுக்காரம்மா இல்லீங்களா?" என்று கேட்பார். நடக்கும்போது அவர் அவராக இருந்தார், உட்கார்ந்தால் யாராகவும் இல்லை. இதை என்னைவிட அக்கா நன்றாகப் பார்த்து வைத்திருந்தாள்.

"அவரு கால்லதான்டி அவரு மிச்சம் இருக்காரு" என்று ஒருநாள் என் கடையில் பட்டன் பொறுக்கிக்கொண்டே சொன்னாள்.

இந்தச் சமயத்தில்தான் நர்ஸம்மாவின் இல்லம் மூடப்பட்டது. நர்ஸம்மா ஆஸ்பத்திரி வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தன் பழைய வீட்டையே இல்லமாக மாற்றியவர். பெரிய முற்றம், மேடும் பள்ளமுமான தரை. அங்கே இருந்த பெரியவர்கள் ஒரு இடத்தில் இருக்க மாட்டார்கள். ஒருவர் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார், தண்ணீர் ஊற்றிய செடிக்கே இன்னொருவர் ஊற்றுவார். ஒரு வயதான அம்மா கையில் விளக்குமாற்றோடு கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருப்பார். அவரை விளக்குமாத்தம்மா என்றுதான் சொல்வார்களாம். நடக்கிற இடத்தில் விழுகிறவர்களும் இருந்தார்கள். முட்டி சிராய்த்தது, நெற்றி வீங்கியது, ஒருவருக்கு மணிக்கட்டு பிசகியது. நர்ஸம்மா ஒன்றையும் மறைக்கவில்லை.

"இத்தன பேரு விழுந்திருக்காங்களே" என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

"நடக்கிறவங்க விழறாங்க மேடம். தூக்கி விடறோம், மருந்து போடறோம், மறுபடி நடக்கறாங்க. வேற என்ன செய்யறது?"

இந்தப் பதில் அக்காவுக்குப் பிடிக்கவில்லை. மஞ்சள் சீட்டு கொடுத்துவிட்டு வந்தாள். மறு வருஷம் போனபோதும் அதே கதை. அதோடு குளியலறையில் கைப்பிடியைப் பிடித்துத் தொங்கியபோது அது ஆணியோடு பிடுங்கிக்கொண்டு வந்தது. அக்கா ஈரத் தரையில் தொப்பென்று உட்கார்ந்தாள். அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றிவிட்டதே நர்ஸம்மாதான். சிவப்புச் சீட்டு போனது, இல்லம் மூடப்பட்டது, அங்கிருந்தவர்களை மற்ற இல்லங்களுக்குப் பிரித்து அனுப்பினார்கள், அக்கா இடுப்பில் பட்டையைக் கட்டிக்கொண்டு படுத்தாள். அந்தக் கைப்பிடி நிஜமாகவே ஆடிக்கொண்டுதான் இருந்தது. அவள் செய்தது தப்பென்று யார் சொல்ல முடியும்? நானும் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏற்றிவிட்டவருக்கே சிவப்புச் சீட்டா என்று மட்டும் கேட்டேன். "ஏத்திவிட்டாங்கன்னு பச்சை குடுக்க முடியுமாடி?" என்றாள்.

அந்த இடுப்பு அப்புறம் பழைய இடுப்பாகவே இல்லை. அத்தானுக்குப் பின்னால் ஓட முடியவில்லை. வேலையையும் விட முடியவில்லை. மகன் வெளியூரில் ஒற்றை அறையில் குடும்பம் நடத்துகிறவன். ஒரு பகல் அத்தான், நாங்கள் யாரும் போகாத ஒரு புதுக் குடியிருப்புக்குள் போய்ப் படிக்கட்டடியில் மீட்டர் பெட்டியைத் திறந்திருக்கிறார். திருட வந்தவன் என்று பிடித்துத் தள்ளி, காவலாளி அறைக்குள் போட்டுப் பூட்டிவிட்டார்கள். நானும் அக்காவும் போய்த் திறந்தபோது அவர் மூலையில் நின்றுகொண்டிருந்தார். பேன்ட் நனைந்திருந்தது. "ரீடிங் எடுக்க விடமாட்டேங்கிறாங்க" என்று எங்களிடம் புகார் சொன்னார். அந்தக் காவலாளியை நான் கிழி கிழியென்று கிழித்தேன். அக்கா அத்தானின் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள். வீட்டுக்கு வந்து அத்தானைக் குளிப்பாட்டிய பிறகு, "இனிமே முடியாது, எங்கயாவது சேர்த்துரலாம்" என்றாள்.

இல்லம் தேடுகிறவர்கள் எல்லாம் நாய்படாத பாடு படுவார்கள். அக்காவுக்கு அந்தக் கவலை இல்லை. ஊரில் உள்ள அத்தனை இல்லத்தின் ஜாதகமும் அவளுக்கு அத்துப்படி. ஒன்றை நாற்றம் என்று கழித்தாள், ஒன்றை மணி அடித்தால் ஆள் வராது என்று கழித்தாள், ஒன்றில் வெந்நீர் தோலை உரித்துவிடும் என்றாள். கடைசியில் நின்றது ஒன்று. புதுக் கட்டடம், வழுக்காத தரை, சுவர் நெடுகக் கைப்பிடி. அவள் தொங்கியும் அசையாத கைப்பிடிகள். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த இல்லத்தில் யாருமே விழுந்ததில்லை. வருஷா வருஷம் பச்சைச் சீட்டு. மற்ற இல்லக்காரர்களிடம், "அங்க போய்ப் பாருங்க, எப்படி நடத்தறாங்கன்னு" என்று அக்காவே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள்.

சேர்க்கப் போன அன்று நானும் கூட இருந்தேன். மேனேஜர் வாசலுக்கே வந்து அழைத்துப் போனார். அதிர்ந்து பேசாத, இஸ்திரி கலையாத மனிதர்.

"இவரு நடக்கிற மனுஷன்" என்று அக்கா சொன்னாள். "உக்கார வெச்சா இவருக்கு ஒண்ணுமே புரியாது. நடக்க விடணும். எனக்கு வேற எதுவும் வேணாம்."

"தாராளமா மேடம். வராண்டா பூரா கைப்பிடி இருக்கு. நீங்களே தொங்கிப் பாத்ததுதானே" என்றார் மேனேஜர். அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது.

புருஷனைச் சேர்த்த இடத்தைத் தானே சோதிப்பது முறையில்லை என்று, அந்த இல்லத்தின் சோதனையை அலுவலகத்தில் வேறொரு இன்ஸ்பெக்டருக்கு மாற்றச் சொன்னாள். புதிதாகச் சேருகிறவர்கள் இடம் பழகும்வரை ஒரு மாசம் வீட்டுக்காரர்கள் வராமல் இருப்பது நல்லது என்று மேனேஜர் சொன்னதையும் கேட்டுக்கொண்டாள். எல்லா இல்லத்திலும் சொல்வதுதானாம். எனக்கென்னவோ அது சரியாகப் படவில்லை. நான் வாயைத் திறந்தால், "உனக்கு என்னடி தெரியும், நான் பாக்காத இல்லமா?" என்பாள். நானும் பேசாமல் மிஷினை மிதித்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் கெடு முடிந்த மறுநாளே போனோம். பெரிய கூடம். சுவரோரம் வரிசையாகப் பழுப்பு நிறச் சோஃபாக்கள், நடுவில் ஒரு டிவி. பெரியவர்கள் எல்லோரும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். முடி சீவி, துவைத்த துணி உடுத்தி, அவ்வளவு பேர் அவ்வளவு அமைதியாக. அத்தான் நடு சோஃபாவில் இருந்தார். எங்களைப் பார்த்ததும், "வாங்க, வாங்க, பில்லு கட்டிட்டீங்களா?" என்றார். அக்கா முகம் மலர்ந்து போனது. உதவிக்கு இருந்த பெண் உட்காரச் சொன்னாள். அக்கா ஒரு நொடி தயங்கினாள். பிறகு, அன்றைக்கு அவள் இன்ஸ்பெக்டர் இல்லை, பெண்டாட்டிதானே, அத்தானுக்கு ஒரு பக்கம் அவளும் மறுபக்கம் நானுமாக உட்கார்ந்தோம்.

சோஃபா உள்ளே வாங்கிக்கொண்டே போனது. முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது. பேசிக்கொண்டிருந்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் எழப் பார்த்தால் எழ முடியவில்லை. பக்கத்தில் ஊன்றக் கட்டை இல்லை, கை வைத்த இடமெல்லாம் பஞ்சாய் அமுங்கியது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்கா, குழியில விழுந்த யானை மாதிரி ஆயிட்டோம், கயிறு போட்டுத்தான் தூக்கணும்" என்றேன். அக்காவும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு எம்பு எம்பினாள், திரும்ப உள்ளே விழுந்தாள். இன்னொரு தடவை எம்பினாள். உதவிக்காரப் பெண் வந்து, எங்கே பிடித்து எப்படி இழுக்க வேண்டும் என்று நன்கு பழகின கையால் எங்கள் இருவரையும் தூக்கி விட்டாள்.

நான் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தேன். அக்கா சிரிக்கவில்லை. நின்ற இடத்திலிருந்து கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நானும் அப்போதுதான் பார்த்தேன். கடைசியில் ஒரு பெரியவர் இரண்டு பக்கமும் கையை ஊன்றித் தன்னைக் கொஞ்சம் தூக்குவதும், திரும்ப அமிழ்வதும், மறுபடி ஊன்றுவதுமாக இருந்தார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஜன்னலோரச் சோஃபாவில் ஒரு வயதான அம்மா இருந்தார். மடியில் அவருடைய இரண்டு கையும் சேர்ந்தபடி இடதும் வலதுமாகப் போய் வந்துகொண்டிருந்தன.

"விளக்குமாத்தம்மா" என்றாள் அக்கா, எனக்கு மட்டும் கேட்கும்படி.

பிறகு உதவிக்காரப் பெண்ணிடம், "எங்க வீட்டுக்காரரு எப்ப நடப்பாரு?" என்று கேட்டாள்.

"பாத்ரூம் போறப்ப நாங்க பிடிச்சுக் கூட்டிட்டுப் போவோம்ல."

"அப்புறம்?"

"அப்புறம் எதுக்குங்க நடக்கணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். அவளுக்கு நிஜமாகவே புரியவில்லை.

மேனேஜரின் அறையில் நான்தான் கத்தினேன். அவர் கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

"ஒவ்வொருத்தரு பின்னாலயும் நடக்க எங்கிட்ட ஆளு ஏதுங்க?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா பக்கம் திரும்பினார். "மேடம், பெல்ட் போட்டுக் கட்டினா தப்புன்னு எழுதுவீங்க. சரிதான், அது பாவம். கதவைப் பூட்டினா எழுதுவீங்க. தூக்க மாத்திரை குடுத்தா எழுதுவீங்க. ஒருத்தர் விழுந்தா அதையும் எழுதுவீங்க. நாங்க என்னதான் செய்யறது? சோஃபாவைப் பத்தி உங்க ரூல்ல எங்கயாவது இருக்கா? நல்ல சோஃபாங்க, விலை ஜாஸ்தி. நீங்களே இந்தக் கூடத்துல எத்தனை தடவை நின்னு பாத்துட்டு, நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொல்லிட்டுப் போயிருக்கீங்க."

அக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஆமா, சொன்னேன்" என்றாள்.

அத்தானை வீட்டுக்கு அழைத்துப்போனால் திரும்பவும் அதே காவலாளி, அதே பூட்டு. அதனால் அவள் வேறு வழி பார்த்தாள். வீட்டிலிருந்து கைவைத்த மர நாற்காலி ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டு, இவரை இதில்தான் உட்கார வைக்க வேண்டும் என்றாள். சரி என்றார்கள். அவள் வருகிற நேரத்துக்கு அத்தான் அதில் இருப்பார். ஒருநாள் சொல்லாமல் போனால் அவர் சோஃபாவில் அமிழ்ந்திருந்தார், நாற்காலியில் மடித்த துணிகளை அடுக்கியிருந்தார்கள். அன்று முதல் தினமும் வேலை முடிந்து நேரே அங்கே போய், இடுப்பு வலியோடு அவரைத் தூக்கி நிறுத்தி வராண்டாவில் நடத்துவாள். முதலில் வராண்டா முழுக்க நடந்தார். பிறகு பாதி. பிறகு தூண் வரைக்கும். அவருடைய பேன்ட்டெல்லாம் தொடைப் பக்கம் தொளதொளத்துப் போய் நான் பிடித்துத் தைத்தேன், அடுத்த தடவை வந்தபோது மறுபடி பிடித்தேன். மனிதன் இப்படித் தேய்வானா என்று எனக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது.

பகலில் அக்கா மற்ற இல்லங்களுக்குச் சோதனைக்குப் போனாள். போன இடத்திலெல்லாம் உட்கார்ந்தாள். தொங்குற மேடம் உட்காருகிறாள் என்று மேனேஜர்கள் வாயைப் பிளந்தார்கள், அவசர அவசரமாக டீக்குச் சொல்லி அனுப்பினார்கள். எல்லா இடத்திலும் அதே சோஃபா. அதே பழுப்பு நிறம்கூட. நீங்கள்தானே அங்கே போய்ப் பார்க்கச் சொன்னீர்கள் என்று ஒருவர் பெருமையாகவே சொன்னாராம். அதை என்னிடம் சொல்லிவிட்டு அக்கா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் கையைப் பிடித்துக்கொள்வதைத் தவிர எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

அலுவலகத்தில் மேலதிகாரியிடம் சொன்னாள். ஆட்கள் நடக்கிறார்களா என்று பார்க்க வேண்டும், உட்காருகிற இடத்தின் உயரத்தைப் பார்க்க வேண்டும், விதியில் சேருங்கள் என்றாள். "யாராவது புகார் குடுத்தாங்களா?" என்று கேட்டார். நான் கொடுக்கிறேன் என்றாள். "உங்க வீட்டுக்காரரு அங்க இருக்காரு. உங்க சொந்த விஷயத்துக்கு ரூல மாத்தச் சொல்றீங்கன்னுதான் பேசுவாங்க. அதோட, நடக்கச் சொல்லி நாம எழுதி, நாலு பேரு விழுந்து இடுப்ப உடைச்சுக்கிட்டா யாரு பதில் சொல்றது?" என்றார். இத்தனை வருஷமாக அவளும் அதைத்தானே சொல்லி வந்தாள்.

கடைசியில் நர்ஸம்மாவைத் தேடிப் போனோம். தம்பி வீட்டில் ஒரு அறையில் இருந்தார். திட்டித் தீர்ப்பார் என்று நினைத்து நான் பதிலெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் டீ போட்டுக் கொடுத்தார். அக்கா குடித்தாள்.

"இவரு ஒருத்தரை மட்டும் நீங்க பாத்துக்கறீங்களா? நடக்க விட்டாப் போதும்" என்று அக்கா கேட்டாள்.

"லைசென்ஸ் இல்லாம ஒருத்தரை வெச்சுக்கிட்டாலும் கேஸ் போடுவாங்க மேடம். மூடின அன்னிக்கு நீங்கதானே அதைப் படிச்சுக் காமிச்சீங்க" என்றார் நர்ஸம்மா. குத்திக் காட்டுகிற குரலே இல்லை. காலி டம்ளரை வாங்கிக்கொண்டே, "விளக்குமாத்தம்மா எப்படி இருக்காங்க, பாத்தீங்களா?" என்று கேட்டார்.

"நல்லா இருக்காங்க" என்றாள் அக்கா. வாழ்க்கையில் அவள் பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான்.

வீட்டுக்கு வந்ததும் ஒரு முடிவுக்கு வந்தாள். வேலையை விட்டுவிடுவது, அத்தானை அழைத்து வந்துவிடுவது. இடுப்பு போனால் போகட்டும், விழுந்தால் விழட்டும். காலையில் அவரோடு நான் தெருச் சுற்றுவது, கடையை மதியத்துக்கு மேல் திறப்பது, மாலையில் அவள் என்று பேசி வைத்தோம். எனக்குக்கூட உற்சாகம் வந்துவிட்டது. புது பேன்ட் ஒன்று தைத்து, அந்தப் பழைய தொடை அளவுக்கே தைத்து, எடுத்துக்கொண்டு போனேன். நடக்க ஆரம்பித்தால் கால் திரும்பவும் தேறிவிடும் என்று நம்பினேன்.

மேனேஜர் தடுக்கவில்லை, கையெழுத்து வாங்கிக்கொண்டு சரி என்றார். அத்தான் சோஃபாவில் இருந்தார். அக்கா அவர் முன்னால் போய் நின்று இரண்டு கையையும் நீட்டினாள்.

"வாங்க, வீட்டுக்குப் போலாம். நம்ம தெருவுல ஒரு வீட்லயும் ரீடிங் எடுக்கலயாம். எல்லாரும் உங்களத்தான் கேக்கறாங்க."

அவர் அந்தக் கைகளைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நானும் உதவிக்காரப் பெண்ணும் இரண்டு பக்கமும் அக்குளில் கை கொடுத்துத் தூக்கினோம். எழுந்து நின்றார். கால் வெடவெடவென்று ஆடியது, ஆனாலும் நின்றார், நான் என் கண்ணால் பார்த்தேன். அடுத்த நொடி அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. எங்கள் கையை உதறிக்கொண்டு பின்பக்கமாகவே சோஃபாவில் போய் விழுந்து, அதன் துணியை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்துக்கொண்டார்.

"வேணாங்க. விழுந்துருவேன்."

"விழ மாட்டீங்க. நான் பிடிச்சுக்கறேன்."

"உங்களுக்குத் தெரியாதுங்க." அவர் அக்காவைக் கிட்ட வரச்சொல்லித் தலையசைத்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எந்திரிக்கக் கூடாதுங்க. விழுந்தா மேடம் வந்து எழுதிருவாங்க. எழுதினா இந்த எடத்த மூடிருவாங்களாம். அப்புறம் நாங்கல்லாம் எங்க போறது?"

நான் உதவிக்காரப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "எல்லாருக்கும் அப்படித்தாங்க சொல்லி வெச்சிருக்கோம்" என்றாள். "சொன்னாத்தான் உக்காருவாங்க."

பேர் மறந்து, பிள்ளை மறந்து, பெண்டாட்டியை மறந்த மனிதருக்கு இது ஒன்று மட்டும் மறக்கவில்லை. அக்கா இன்னொரு தடவை கூப்பிடவில்லை. நீட்டிய கையை எடுத்துக்கொண்டு, விலகியிருந்த அவர் சட்டையைச் சரி செய்துவிட்டாள்.

"சரிங்க" என்றாள். "நீங்க உக்காருங்க. மேடம் வர மாட்டாங்க."

அவர் நம்பவில்லை. நாங்கள் கூடத்தைவிட்டு வெளியே வரும்வரை சோஃபாவின் துணியைப் பிடித்த பிடியை விடாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.